மையித்து வீட்டுக்குப் போகிற தமிழருக்கு

கிழக்கிலங்கையில், கல்முனை பஸாரில் ஒரு புடவைக் கடையில் 1994 முதல் 27 வருடம் துணி அளந்து கொடுத்தவன் நான். ஊர் காரைதீவு. வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், தெற்கே நிந்தவூர், நடுவில் எங்கள் ஊர். சொந்தக்காரரோடு இருந்ததைவிட முஸ்லிம் ஆட்களோடு இருந்து தேத்தண்ணி குடித்த நேரம்தான் என் வாழ்க்கையில் கூட. அப்படியிருந்தும் முதல் தடவை ஒரு மையித்து வீட்டுக்கு, அதாவது முஸ்லிம் ஆட்களின் செத்த வீட்டுக்கு, போனபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சொல்லித் தரவும் ஆளில்லை.

இப்போது எங்கள் பிள்ளைகள் கந்தோர்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் முஸ்லிம் ஆட்களோடு ஒன்றாக வேலை செய்கிறார்கள். கூட வேலை செய்கிறவரின் வாப்பா (அப்பா) மௌத்து (மரணம்) என்றால் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள். விருப்பம் இல்லாமல் அல்ல, போய் என்ன செய்வது என்று தெரியாமல். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம், முதலாளியின் உம்மா (அம்மா) விடியற்காலையில் மௌத்தானார். பொடியன் ஒருவன் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனான். எங்கள் பக்கம் செத்த வீடு என்றால் தூரத்து உறவு வந்து சேர வேண்டும், பறைமேளம் வர வேண்டும், குறைந்தது ஒரு இரவாவது வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கில் பின்னேரம் போகலாம் என்று இருந்தேன். குளித்து, வேட்டி கட்டி, பெரிய பூமாலை ஒன்று கட்டுவித்து எடுத்துக்கொண்டு நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தால், வாசலில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அடக்கம் லுஹரோடு, மத்தியானத் தொழுகையோடு, முடிந்துவிட்டது. மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கேற்றடியில் நின்றேன். முதலாளி கண்டுவிட்டு எழும்பி வந்தார். மாலையை வாங்கிப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த உம்மா இரண்டு வருடம் எனக்கும் சேர்த்து மத்தியானச் சோறு கட்டி அனுப்பியவர். அவரை அடக்கும்போது நான் அங்கே நிற்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆறாத ஒன்று.

ஆகவே முதல் விஷயம் நேரம். மௌத்துச் செய்தி காதில் விழுந்தால் "எப்ப அடக்கம்?" என்று உடனே கேளுங்கள். அவர்கள் மணி சொல்ல மாட்டார்கள், தொழுகையைச் சொல்வார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் "ஜனாஸா நல்லடக்கம் இன்று அஸர் தொழுகையின் பின்" என்று அறிவிப்பு வரும். எங்கள் பக்கத்தில் லுஹர் என்றால் மத்தியானம் பன்னிரண்டே கால் சுமார், அஸர் மூன்றரை சுமார், மஃரிப் பொழுது பட்டவுடன் ஆறே கால் சுமார், இஷா ஏழரை சுமார். மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்பின்னாகும். அஸருக்குப் பிறகு அடக்கம் என்றால் மூன்று மணிக்கு முன் வீட்டில் நில்லுங்கள். மூன்றரைக்குப் போனால் வீடு வெறுமையாக இருக்கும், எல்லோரும் பள்ளியில் நிற்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் மௌத்தானால் பெரும்பாலும் ஜும்ஆ முடிந்ததும் அடக்கிவிடுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காகக்கூட அதிகம் காத்திருப்பதில்லை. பிந்தாமல் அடக்குவதுதான் மையித்துக்குச் செய்யும் மரியாதை என்பது அவர்களுடைய மார்க்கம்.

இதில் ஆஸ்பத்திரியிலும் கந்தோரிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். திடீர் மரணம், விபத்து என்றால் மரண விசாரணை அதிகாரி வர வேண்டும், சில நேரம் பிரேத பரிசோதனை செய்ய வேண்டும். சட்டத்தை மீறச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கையெழுத்து, ஒரு துண்டுக் கடுதாசி உங்கள் மேசையில் இருந்தால் அதைத் தேத்தண்ணிக்கு முதல் முடித்துக் கொடுங்கள். வெளியே நிற்கிற அந்த மகனுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான். நூறு பேர் போய்க் கை கொடுப்பதைவிடப் பெரியது.

எந்த வீடு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொது வழக்கம்தானே, வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை போய் இருப்பார். குடி முறையும், அதாவது வம்ச முறையும், தாய் வழிதான். நம் கோயில் நிர்வாகத்தில் குடிக்கு வண்ணக்கர் மாதிரி அவர்கள் பள்ளி நிர்வாகத்தில் குடிக்கு மரைக்கார் இருந்த ஊர்கள் இவை. ஆகவே உங்கள் கூட்டாளியின் வாப்பா மௌத்தென்றால் கூட்டாளி இருக்கும் வீட்டுக்குப் போய் நின்று பயனில்லை, அது அவருடைய மனைவி வீடு. மையித்து அவருடைய உம்மா வீட்டிலோ ராத்தா (அக்கா) வீட்டிலோ இருக்கும்.

வெறுங்கையோடு போங்கள். மாலை, மலர்வளையம், ஊதுபத்தி, தேங்காய், எதுவும் வேண்டாம். காசு வைத்த கவரும் வேண்டாம். ஏழைக் குடும்பம், செலவுக்கு உதவ வேண்டும் என்று நினைத்தால் பிறகு ஒரு நாள் மகனின் கையில் ஆளில்லாத இடத்தில் கொடுங்கள். பெரும்பாலான ஊர்களில் பள்ளியும் ஜனாஸா நலன்புரிச் சங்கமும் இருக்கின்றன. சந்தூக்கு (மையித்தைச் சுமக்கும் பெட்டி), குளிப்பாட்டும் மேசை, கபுறு (அடக்கும் குழி) வெட்டுகிற ஆள் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உடையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். முழங்கால் தெரியாத உடுப்பு, ஆண்களுக்கு சாரமோ நீளக் காற்சட்டையோ. திருநீற்றை அழித்துவிட்டுப் போக வேண்டுமா என்று என் மருமகன் கேட்டான். தேவையில்லை. நான் ஒரு நாளும் அழித்ததில்லை, ஒருவரும் அதைப் பார்த்து முகம் சுளித்ததுமில்லை. என் மனைவி பொட்டோடுதான் போவாள். சேலைத் தலைப்பை மட்டும் தலையில் போட்டுக்கொள்வாள்.

சொற்களில் கொஞ்சம் கவனம் வேண்டும். "பிணம்", "சவம்" என்று சொல்லாதீர்கள். மையித்து என்றோ ஜனாஸா என்றோ சொல்லுங்கள். "செத்துப்போனார்" வேண்டாம், "மௌத்தாகிட்டார்" என்பார்கள், "காலமானார்" என்றாலும் சரி. "ஆத்மா சாந்தியடையட்டும்" என்பது அவர்களுடைய பேச்சு அல்ல. அவர்கள் சொல்வது "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்". நாம் அல்லாஹ்வுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்பிப் போகிறவர்கள் என்பது பொருள். அதை நீங்கள் சொல்லத்தான் வேண்டும் என்றில்லை. நான் மகன்மாரின் கையைப் பிடித்து "அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையத் தரட்டும் தம்பி" என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் பேச மாட்டேன். என்ன நோய், எந்த டொக்டர், ஏன் கொழும்புக்குக் கொண்டு போகவில்லை என்ற கேள்விகளை ஒவ்வொருவரும் கேட்டு அந்த மகனைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது நம்மிடம் இருக்கிற கெட்ட பழக்கம். அதை அங்கே கொண்டு போகாதீர்கள். ஆண்கள் பெண்களுக்குக் கை நீட்ட வேண்டாம்.

அழுகை இருக்கும். ஆனால் ஒப்பாரி இருக்காது. நெஞ்சில் அடித்து அழுவது, தலைவிரித்து அழுவது அவர்கள் மார்க்கத்தில் தடை. முதல் தடவை அந்த அமைதி எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எங்கள் அம்மாவின் செத்த வீட்டில் ஒப்பாரி வைத்த கிழவிகளின் குரலைக் கேட்டுத்தான் எனக்கே அழுகை வந்தது. இங்கே ஒரு மூலையில் நாலைந்து பேர் குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதுகிற முணுமுணுப்பும் மின்விசிறிச் சத்தமும் மட்டும். துக்கம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற மகனின் கையைப் பிடித்துப் பார்த்தால் தெரியும், நடுங்கும்.

முகம் பார்க்கிற விஷயம். மௌத்தானவர் ஆண் என்றால் கபன் செய்த (வெள்ளைத் துணி சுற்றிய) பிறகு முகத்தைத் திறந்து காட்டுவார்கள், வரிசையில் போய்ப் பார்க்கலாம். தொட வேண்டாம், காலைத் தொட்டுக் கும்பிட வேண்டாம். நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகருங்கள். பெண் என்றால் வெளி ஆண்களுக்குக் காட்ட மாட்டார்கள். எவ்வளவு பழகியவராக இருந்தாலும் கேட்காதீர்கள். எங்கள் முதலாளியின் உம்மாவை நான் நேரத்துக்குப் போயிருந்தாலும் பார்த்திருக்க முடியாது. குளிப்பாட்டுவது ஆணை ஆண்கள், பெண்ணைப் பெண்கள், கணவன் மனைவியும் செய்யலாம். திரை கட்டியிருக்கும், அந்தப் பக்கம் போக வேண்டாம். கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடிக்கவே வேண்டாம்.

கபன் புடவையைப் பற்றி நான் கொஞ்சம் கூடச் சொல்வேன், அது என் கையால் கொடுத்தது.

ஆணுக்கு மூன்று துண்டு, மூன்றும் உடம்பு முழுக்கச் சுற்றுகிறவை. பெண்ணுக்கு ஐந்து. இடுப்புக்கு ஒன்று, சட்டை மாதிரி ஒன்று, தலைக்கு ஒன்று, மேலே சுற்ற இரண்டு. எல்லாம் வெள்ளைப் பருத்தி. தையல் இல்லை, கரை இல்லை, பட்டு இல்லை. கடைக்கு வருகிறவர் வந்தவுடனே தெரியும். செருப்பைக் கழற்றாமல், எந்தத் துணியையும் பார்க்காமல் நேரே மேசைக்கு வருவார். "கபனுக்கு" என்பார், ஆண் என்றோ பெண் என்றோ சொல்வார், உயரத்தைச் சொல்வார். துணிக்கட்டை இறக்கி மேசையில் உருட்டி, யார்க்கோலால் அளந்து, ஓரத்தில் கத்தரியால் சின்னதாய் ஒரு வெட்டு. பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழிப்பேன். பருத்தி கிழியும் சத்தம் நீளமாகக் கேட்கும், தூசி போல நூல் பறக்கும். அந்தச் சத்தத்துக்குக் கடைக்குள் பேச்சு நின்றுவிடும். முடிச்சுக் கட்டுவதற்கு நாடா, குளிப்பாட்டுகிறவர் கையில் சுற்றுவதற்குத் துண்டு, எல்லாம் அதே துணியில் கிழித்து மடித்து வைப்பேன். 27 வருடத்தில் கபன் புடவைக்கு ஒருவர் விலை பேசியதை நான் காணவில்லை. நோன்புப் பெருநாளுக்கு அதே ஆள் வந்து சாரத்துக்கு ஐம்பது ரூபாய் குறைக்க அரை மணித்தியாலம் நிற்பார்.

சில மூத்தம்மாமார் தங்களுடைய கபனைத் தாங்களே வாங்கி அலுமாரியில் வைத்திருப்பார்கள். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் மக்காவில் ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டு வருவார்கள். ஒருநாள் ஒரு மூத்தம்மா பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்து, பேத்திக்குப் பெருநாள் உடுப்பும் தனக்குக் கபனும் ஒரே பில்லில் எடுத்துக்கொண்டு போனார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியன்று பின்னேரம் முதலாளி கடையைத் திறக்கச் சொன்னார். இலங்கையில் அன்றைக்கு அதிகம் பேர் இறந்த மாவட்டம் எங்கள் அம்பாறை மாவட்டம். வெள்ளைத் துணிக்கட்டு இருந்ததெல்லாம் இறக்கினோம். யார்க்கோல் எடுக்கவில்லை. ஆணா பெண்ணா, எத்தனை துண்டு என்று யாரும் கேட்கவில்லை. மருதமுனைக்கும் போனது, சாய்ந்தமருதுக்கும் போனது, பாண்டிருப்புக்கும் எங்கள் காரைதீவுக்கும் போனது. இருட்டும்வரை கிழித்தேன். விரலில் தோல் உரிந்தது.

சரி, ஜனாஸா புறப்படும் நேரம். சந்தூக்கைத் தூக்கிவிட்டால் நடை வேகமாக இருக்கும். மேளம் இல்லை, வெடி இல்லை. சில ஊரில் மெல்லிய குரலில் கலிமாச் சொல்லிக்கொண்டு போவார்கள், சில ஊரில் அதுவும் இல்லை. ஆளுக்கு ஆள் தோள் மாறிக்கொண்டே இருக்கும். நீங்களாக முன்னுக்குப் பாய்ந்து தோள் கொடுக்கப் போக வேண்டாம். பின்னால் நடந்து போங்கள். கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். 2018இல் எங்கள் முதலாளி மௌத்தானபோது நான் பின்னால்தான் நடந்தேன். பள்ளிக்குத் திரும்பும் ஒழுங்கையில் மூத்த மகன் திரும்பிப் பார்த்து, "அண்ணன், இங்க வாங்க. வாப்பாட சந்தூக்க நீங்களும் புடிங்க" என்றான். பத்துப் பன்னிரண்டு எட்டுத்தான் நடந்திருப்பேன். பாரமே தெரியவில்லை, அத்தனை கைகள்.

பள்ளியில் ஜனாஸாத் தொழுகை நடக்கும்போது நாம் வெளியே முற்றத்தில் ஒதுங்கி நிற்பதுதான் முறை. குனிவதும் இல்லை, சுஜூதும் (நெற்றி தரையில் பட வணங்குவது) இல்லை. நின்ற நிலையிலேயே நான்கு தக்பீர் ("அல்லாஹு அக்பர்" என்பது), ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பேசாமல், போனை அணைத்துவிட்டு நின்றால் போதும். நோன்பு காலம் என்றால் வெளியே நிற்கும்போது தண்ணீர்ப் போத்தலைக்கூட எடுக்காதீர்கள்.

தொழுகை முடிந்தவுடனோ அல்லது அடக்கிய பிறகோ மகன் ஒருவர் முன்னால் வந்து நின்று பேசுவார். நான் கண்டவற்றில் என் மனதை மிகவும் அசைத்தது இதுதான். முதலாளியின் மகன் இப்படித்தான் சொன்னான்: "எங்கட வாப்பா ஆருக்காவது காசு, சாமான் குடுக்க இருந்தா எங்கக்கிட்ட வந்து சொல்லுங்க, நாங்க குடுக்கிறம். ஆருட மனசாவது நோக நடந்திருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க." மையித்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊருக்கு முன்னால் இப்படிச் சொல்வது லேசான காரியமா? கடன் தீராதவரை இறந்தவரின் உயிர் அதிலேயே தொங்கிக்கொண்டிருக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. சொத்தைப் பங்கு போடுவதற்கு முன் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வசிய்யத்து (உயில்), அதற்குப் பிறகுதான் வாரிசுப் பங்கு.

ஆகவே அவர் உங்களுக்குக் காசு தர வேண்டியிருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அன்றைக்கே கேட்கவும் வேண்டாம். சில நாள் கழித்து மகனிடம் சொல்லுங்கள், அல்லது மனதார விட்டுக்கொடுத்துவிட்டு அதையும் அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது பெரிய ஆறுதல். நீங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள். என் மகளின் சாமத்தியச் சடங்குக்கு முதலாளியிடம் வாங்கிய காசில் 40,000 ரூபாய் மிச்சம் இருந்தது. ஐந்தாம் நாள் கொண்டு போனேன். மகன் வேண்டாம் என்று சொல்வான் என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். அவன் எண்ணிப் பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டு, "இது இப்ப என்ட காசு இல்ல அண்ணன். உம்மாக்கும் ராத்தாக்களுக்கும் பங்கிருக்கு. நானாக விட்டுத்தர ஏலாது" என்றான். உம்மாவுக்கு எட்டில் ஒன்று என்று கணக்கும் சொன்னான். அவன் வாங்கியது எனக்கு மனவருத்தம் தரவில்லை. வாங்காமல் விட்டிருந்தால்தான் அந்தப் பாரம் என்னோடு இருந்திருக்கும்.

மையவாடிக்கு (அடக்கும் இடத்துக்கு) ஆண்கள் போகலாம், தமிழர் போவதை யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை. கபுறுகளுக்கு நடுவே நடக்கும்போது மிதிக்காமல் பார்த்து நடங்கள். கபுறில் நட்டிருக்கும் மீசான் கட்டையில் சாய்வது, மேட்டில் இருப்பது கூடாது. மற்றவர்கள் செருப்பைக் கழற்றினால் நீங்களும் கழற்றுங்கள். எங்கள் பக்கம் மணல் தரை, கபுறு வெட்ட வெட்டச் சரியும். வெட்டுகிறவர்கள் அவசரப்படாமல் பக்கத்தைத் தட்டித் தட்டி இறக்குவார்கள். மையித்தை வலப்பக்கம் சாய்த்து வைப்பார்கள், தலை வடக்கே, முகம் கிப்லாவை (தொழும் திசையை) பார்த்து மேற்கே. முடிச்சுகளை அவிழ்த்துவிடுவார்கள். மேலே பலகை அடுக்குவார்கள். பிறகு நிற்பவர்கள் எல்லோரும் மூன்று பிடி மண் போடுவார்கள். "இதிலிருந்தே உங்களைப் படைத்தோம், இதற்குள்ளேயே உங்களைத் திருப்புவோம், இதிலிருந்தே இன்னொரு தடவை உங்களை வெளிப்படுத்துவோம்" என்று குர்ஆனில் வருவதை ஓதிக்கொண்டு போடுவார்கள். நானும் போட்டேன், ஒன்றும் ஓதாமல். மணல் விரலிடுக்கால் ஓடிவிடும், இறுக்கிப் பிடிக்க வேண்டும். சில ஊரில் தல்கீன் (மையித்துக்குச் சொல்லிக்கொடுக்கிற வாசகம்) ஓதுவார்கள், பச்சைக் கொப்பு நட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். சில ஊரில் இரண்டும் இல்லை. அது அவர்களுக்குள் இருக்கிற ஜமாஅத் வித்தியாசம். எது சரி என்று நாம் வாய் திறக்க வேண்டாம்.

திரும்பி வந்து நம் வீட்டில் குளித்துவிட்டு உள்ளே போவது நம் வழக்கம். என் மாமியார் கிணற்றடியில் வாளியோடு நிற்பார். குளிக்கலாம், அதில் பிழையில்லை. ஆனால் "துடக்கு, குளிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு அங்கிருந்து எழும்பாதீர்கள். அதேபோல அவர்கள் நம் செத்த வீட்டுக்கு வந்து கும்பிடாமல், வாய்க்கரிசி போடாமல் ஓரத்தில் நின்றுவிட்டுப் போவதையும் குறையாக எடுக்காதீர்கள். அவர்கள் வந்து நிற்பதே அவர்கள் செய்யும் மரியாதை.

சொல்லவே கூடாத பேச்சு ஒன்று இருக்கிறது: "எரிச்சா என்ன, புதைச்சா என்ன, எல்லாம் மண்தானே." நமக்கு அது தத்துவம். அவர்களுக்குக் காயம். 2020 மார்ச் முடிவிலிருந்து ஏறத்தாழ பதினொரு மாதம், கோவிட்டில் இறந்த எல்லோரையும் எரிக்கத்தான் வேண்டும் என்று அரசாங்கம் கட்டாயப்படுத்தியது. அடக்கலாம், எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் இரண்டுக்கும் இடம் சொல்லியிருந்தும் கேட்கவில்லை. அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளான ஒரு குழந்தையையும் கொழும்பில் எரித்தார்கள். பொரளை மயான வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். நான் வாழ்நாள் முழுக்கக் கிழித்துக் கொடுத்த அதே வெள்ளைத் துணி. படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு அன்று கடையில் நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. 2021 பெப்ரவரி 25 வர்த்தமானிக்குப் பிறகுதான் அடக்க விட்டார்கள். மார்ச் 5 முதல் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி மஜ்மா நகருக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடக்கப்பட்டிருக்கிறார்கள். அதில் இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. தன் வாப்பாவைச் சாம்பலாக வாங்கிய ஒருவர் நீங்கள் போகிற அந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காத்தான்குடிக்கோ ஏறாவூருக்கோ போகிறவர்கள் 1990ஐயும் நினைவில் வையுங்கள். அந்த ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரத்தில் ஏறாவூரில். அதே மாதம் இங்கே வீரமுனையில் நம் ஆட்கள் கொல்லப்பட்டார்கள். மையித்து வீட்டில் வயதான ஒருவர் அந்தக் கதையை எடுத்தால் கேட்டுக்கொண்டிருங்கள். "எங்களுக்கும் நடந்ததுதானே" என்று பதில் வைக்க அது நேரமல்ல. நான் ஒரு தடவை கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். முடிவில் அந்தக் காக்காவே, அந்தப் பெரியவரே, வீரமுனையைப் பற்றிக் கேட்டார்.

அடக்கத்துக்குப் போக முடியாமல் போனால் மூன்று நாளுக்குள் போங்கள். பொதுவான துக்கம் அவர்களுக்கு மூன்று நாள்தான், அதற்குப் பிறகு போய் ஆறிக்கொண்டிருக்கும் துக்கத்தைக் கிளறுவதை அவர்கள் விரும்புவதில்லை. வெளியூரில் இருந்தவர்களுக்கு அது பொருந்தாது. அந்த நாட்களில் அந்த வீட்டில் பெரும்பாலும் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அயலவர் சமைத்து அனுப்புவார்கள். நாம் ஏதாவது கொண்டு போக விரும்பினால் இதுதான் நேரம். சமைத்த இறைச்சி வேண்டாம், ஹலால் பிரச்சினையை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவும் முடியாமல் சங்கடப்படுவார்கள். பால்மா, தேயிலை, சீனி, பிஸ்கட், வாழைப்பழச் சீப்பு, இவை எல்லா வீட்டுக்கும் உதவும். வருகிறவர்களுக்குப் பிளேன்டி ஊற்றியே முடியாது அந்த வீட்டில்.

மூன்றாம், ஏழாம், நாற்பதாம் நாள் கத்தம் (இறந்தவருக்காகக் குர்ஆன்) ஓதிச் சாப்பாடு கொடுக்கிற குடும்பங்கள் உண்டு. அது தேவையில்லை என்று விட்டுவிடுகிற குடும்பங்களும் இப்போது நிறைய. ஆகவே நம் எட்டு, முப்பத்தொன்று மாதிரி நினைத்துக்கொண்டு "நாற்பது எப்ப?" என்று கேட்காதீர்கள். அழைத்தால் போய் இருந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கடைசியாக இத்தா. இது என் மனைவிதான் எனக்குச் சொல்லித் தந்தது. கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார். கர்ப்பிணி என்றால் பிள்ளை பிறக்கும்வரை. அலங்காரம் இல்லை, வாசனை இல்லை, அவசியமில்லாமல் வெளியே போவதில்லை, வெளி ஆண்களைச் சந்திப்பதும் இல்லை. அந்தக் காலத்தில் ஆண்கள் வாசலோடு நின்றுகொள்ளுங்கள். காணி, பென்ஷன், வங்கி என்று கையெழுத்து வேலை இருந்தால் மகன் மூலம் பேசுங்கள், அல்லது ஒரு பெண் உத்தியோகத்தரை அனுப்புங்கள். ஆனால் பெண்கள் தாராளமாகப் போகலாம், போக வேண்டும். முதல் கிழமை வீடு நிறைய ஆள் இருக்கும். இரண்டாம் மாதம் ஒருவரும் இருக்க மாட்டார். என் மனைவி முதலாளியின் மனைவியிடம் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை போவாள். எங்கள் வளவில் பறித்த ஏதாவது ஒரு மரக்கறி கையில் இருக்கும். போய் முருங்கைக்காய் விலையிலிருந்து பேரப்பிள்ளையின் சோதனை வரைக்கும் பேசிவிட்டு வருவாள். மௌத்தானவரைப் பற்றி அந்த ராத்தா எடுத்தால் பேசுவாள், எடுக்காவிட்டால் இல்லை.

அந்த நாலு மாதம் பிறைக் கணக்கு, நம் கலண்டர் மாதம் அல்ல. எந்தத் தேதியில் முடிகிறது என்று வீட்டில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என் மனைவி சமையலறைக் கலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கிழமை ஒரு சட்டித் தயிரும் ஒரு கட்டு முருங்கையிலையும் எடுத்துக்கொண்டு கல்முனைக்கு பஸ் ஏறினாள்.